லோடு இருந்தால்தான் ஓடும்

1902 ஜூன் மாதக் கடைசியில் சிவனசமுத்திரத்தில் காவிரி விழுந்த வேகத்தில் டர்பைன்கள் சுழன்றன. அங்கே பிறந்த மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி, கோலார் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்தடங்களில் அதுவும் ஒன்று. பெங்களூரு தெருக்களில் மின்விளக்கு எரிய 1905 வரை ஆயிற்று. அவ்வளவு பெரிய ஊரை மூன்று வருஷம் இருட்டில் காக்கவைத்துவிட்டு மின்சாரம் தங்கவயலுக்கு ஓடியதற்குக் காரணம் எளிது: லோடு அங்கேதான் இருந்தது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880 முதல் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கங்களில் தண்ணீர் இறைக்க வேண்டும், ஆட்களைக் கூண்டில் இறக்கி ஏற்ற வேண்டும், கல்லைப் பொடியாக்க வேண்டும். இரவும் பகலும் மின்சாரத்தை இழுத்துக்கொள்ள ஓர் இடம் இருந்ததால்தான் அந்த மின்நிலையமே கட்டப்பட்டது.

இந்த லோடு சமாச்சாரத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொப்பைக்கும் மாரடைப்புக்கும் அது தேவைப்படும்.

தங்கவயலில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தலித்துகள். ‘தங்கலான்’ படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே நின்று துளை போட்டு, வெடி வைத்து, உடைந்த கல்லை அள்ளி டிராலியில் கொட்டியவரின் கைக்குச் சக்தி எங்கிருந்து வந்தது? காலையில் சாப்பிட்ட களியிலிருந்து என்று சொல்லிவிடலாம். களி எப்படி மண்வாரியின் வீச்சாக மாறியது என்று கேட்டால், சிவனசமுத்திரத்தில் நடந்ததுதான் பதில்.

நம் உடம்பில், ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தவிர, ஏறக்குறைய எல்லாச் செல்களுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. பள்ளிப் பாடத்தில் இழைமணி என்று படித்திருப்போம். ஒரு செல்லுக்கு நூற்றுக்கணக்கில் இருக்கும், சில செல்களில் ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சவ்வுகள். சாப்பாட்டிலிருந்து வந்த சர்க்கரையும் கொழுப்பும் இதற்குள் வந்ததும் அவற்றிலிருந்து எலக்ட்ரான்கள் உருவப்படுகின்றன. உள்சவ்வில் பதிந்திருக்கும் புரதத் தொகுதிகள் அந்த எலக்ட்ரான்களை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கின்றன. ஆக்சிஜன் தண்ணீராகிவிடுகிறது. நாம் மூச்சு விடுவதே இந்தக் கடைசிக் கைமாற்றத்துக்காகத்தான். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கிடைக்கும் சக்தியைக் கொண்டு, புரோட்டான்கள் சவ்வுக்கு வெளிப்பக்கம் இறைத்துத் தேக்கப்படுகின்றன. தேங்கிய புரோட்டான்கள் உள்ளே திரும்ப முக்கியமான வழி ஒன்றுதான்: ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற புரதம். அது நிஜமாகவே ஒரு டர்பைன். எட்டு புரோட்டான் விழுந்தால் ஒரு சுற்று, ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. மூலக்கூறு. தசை சுருங்க, நரம்பு பேச, சிறுநீரகம் உப்பைப் பிரிக்க, எல்லாவற்றுக்கும் செலவாகும் நாணயம் இந்த ஏ.டி.பி.தான்.

பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர் 1961-ல் இதைச் சொன்னபோது உயிர்வேதியியல் உலகம் நம்பவில்லை. வேதிவினை நடக்கும் இடத்தில் அணைக்கட்டுக் கதை சொல்கிறாரே என்றார்கள். 1978-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். 1997-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அந்தப் புரதத்தின் நடுத்தண்டில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, நுண்ணோக்கியில் அது சுற்றுவதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் போகக்கூடிய இயந்திரம் அது. தேங்கியிருக்கும் மின்னழுத்தம் கேட்டால் சப்பென்றிருக்கும், 150 முதல் 180 மில்லிவோல்ட். ஆனால் அந்தச் சவ்வின் கனம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குதான். மீட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 3 கோடி வோல்ட் வருகிறது. இடிமின்னலின்போது காற்று பிளந்துகொடுக்கும் அழுத்தத்தைப்போல இது பத்து மடங்கு. இப்படிப்பட்ட சவ்வு நம் கட்டைவிரலுக்குள் கோடிக்கணக்கில் இருக்கிறது.

ஏ.டி.பி.யைச் சேர்த்துவைக்க உடம்புக்குத் தெரியாது. எந்த நேரத்திலும் கையிருப்பு நூறு கிராமைத் தாண்டாது. அதையே திரும்பத் திரும்பச் செலவழித்து, திரும்பத் திரும்பச் செய்து, ஒரு நாளில் ஏறத்தாழ நம் எடையளவு ஏ.டி.பி.யைப் புழங்கிவிடுகிறோம்.

எலக்ட்ரான்கள் கைமாறும் இந்தச் சங்கிலியை ஒரே இடத்தில் அறுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தங்கவயலில் ஒரு சாட்சி நிற்கிறது. ராபர்ட்சன்பேட்டை, மாரிக்குப்பம் பக்கம் போனவர்கள் அந்த மொட்டை மேடுகளைப் பார்த்திருப்பார்கள். மேலே தட்டையாக, பக்கவாட்டில் மழை அரித்த வரிகளோடு, சாம்பலும் மஞ்சளுமாக. சயனைடு மலை என்பார்கள். சினிமாக்காரர்களுக்குப் பிடித்த இடம், ‘கே.ஜி.எஃப்.’ படத்துக்கும் அங்கே கேமரா வைத்தார்கள். நூற்றிருபது வருஷத்தில் சுமார் 800 டன் தங்கத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு விட்டுப்போன மிச்சம் அது, 3 கோடி டன்னுக்கு மேல் கல்பொடி. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி தொழிலாளர் குடியிருப்புகளான லைன் வீடுகளின் அடுக்களை வரை வரும்.

கிளாஸ்கோவில் 1887-ல் காப்புரிமை பெற்ற முறைப்படி, பொடித்த கல்லைச் சயனைடுக் கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைக் கரைத்து எடுத்தார்கள். சாதாரண அமிலங்களுக்கு அசையாத தங்கம் சயனைடுக்கு மசிகிறது, கூடவே காற்றிலிருந்து ஆக்சிஜனும் இருந்தால். உலோகத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்வது சயனைடின் சுபாவம். உடம்புக்குள் போனாலும் அதே சுபாவம்தான். எலக்ட்ரான் சங்கிலியின் கடைசியில், ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிற இடத்தில், சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. சயனைடு போய் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் உட்கார வேண்டிய நாற்காலி போய்விட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்து ததும்பும், செல்லுக்கோ மூச்சு முட்டும். வாங்குவாரில்லாமல் ஆக்சிஜன் அப்படியே திரும்புவதால் சிரை ரத்தம்கூடத் தமனி ரத்தம்போல் பளிச்சென்று சிவந்திருக்கும்.

கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லின் 1925-ல் இதைக் கண்ணாடிக் குழாயிலேயே காட்டினார். ஈஸ்ட் கலந்த தண்ணீரை நிறமாலை நோக்கியில் பார்த்தால் நான்கு கரும்பட்டைகள் தெரிந்தன. குழாயைக் குலுக்கிக் காற்று சேர்த்தால் அவை மறைந்தன. சும்மா வைத்தால் ஈஸ்ட் ஆக்சிஜனைத் தீர்த்துவிட, பட்டைகள் திரும்ப வந்தன. சயனைடு ஒரு துளி விட்ட பிறகு எவ்வளவு குலுக்கினாலும் பட்டைகள் மறையவில்லை. எலக்ட்ரான்கள் போக இடமில்லாமல் நின்றுவிட்டன என்று அவருக்குப் புரிந்தது. சைட்டோகுரோம் என்று பேர் வைத்தவர் அவர்தான்.

ஒரு வார்த்தை இடையில். மேடுகளில் கொட்டிய சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் பெருமளவு சிதைந்துவிடும். நுண்தூசியும் கன உலோகங்களும் அப்படிச் சிதைவதில்லை. சயனைடைத் தினமும் பணம் கொடுத்து வாங்கி உள்ளே இழுப்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். பீடி, சிகரெட் புகையில் ஹைட்ரஜன் சயனைடு உண்டு, கார்பன் மோனாக்சைடும் உண்டு. முன்னது மைட்டோகாண்ட்ரியாவின் கடைசி நாற்காலியைப் பிடிக்கிறது, பின்னது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடிக்கிறது. புகைப்பவர்களின் இதயம் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது.

இதயத்துக்கு வருவோம். ஒரு நாளில் ஒரு லட்சம் முறை துடிக்கும் அந்தத் தசை, சுமார் 6 கிலோ ஏ.டி.பி.யைப் புழங்குகிறது, தன் எடையைப்போல இருபது மடங்குக்கு மேல். கையிருப்போ சில நொடிகளுக்குத்தான் காணும். ஆகவே இதயத்தசைச் செல்லின் கனஅளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாவே அடைத்துக்கொண்டிருக்கிறது. எரிபொருள் விஷயத்தில் இதயம் எதையும் ஒதுக்காது: கொழுப்பு அமிலம், குளுக்கோஸ், ஓடிவிட்டு வந்த தசை வெளியேற்றும் லாக்டிக் அமிலம், பட்டினியில் கல்லீரல் அனுப்பும் கீட்டோன். ஆனாலும் வழக்கமாக அறுபது, எழுபது சதவீதம் கொழுப்பு அமிலத்திலிருந்துதான். கொழுப்பில் சக்தி அதிகம், ஆனால் அதை எரிக்க ஆக்சிஜனும் அதிகம் வேண்டும். ஒரே அளவு ஆக்சிஜனுக்குக் குளுக்கோஸ் தரும் ஏ.டி.பி.யைவிடக் கொழுப்பு தருவது பத்து சதவீதம் போலக் குறைவு. சாதாரண நாளில் இது ஒரு பொருட்டே இல்லை. உடல் பருமனும் சர்க்கரை நோயும் வந்தவரின் இதயம் குளுக்கோஸை எடுக்கும் திறனை இழந்து கொழுப்பையே நம்பத் தொடங்குகிறது. அதே ஆளின் ரத்தக்குழாயும் குறுகியிருந்தால், அந்தப் பத்து சதவீதம் கணக்கில் வந்துவிடும். இதயச் செயலிழப்பு முற்றியவர்களின் இதயத்தில் ஏ.டி.பி. அளவே குறைந்திருப்பதை அளந்திருக்கிறார்கள்.

மாரடைப்பில் நடப்பது இன்னும் விசித்திரம். ரத்தக்குழாய் அடைத்த இடத்துக்கு அப்பால் ஆக்சிஜன் நிற்கிறது, டர்பைன் நிற்கிறது, இருபது நிமிஷம் தாண்டினால் செல்கள் சாக ஆரம்பிக்கின்றன. ஆகவே அடைப்பை நீக்கி ரத்தத்தைத் திருப்பிவிட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் ரத்தம் திரும்பும் அந்தக் கணத்திலேயே இன்னொரு சேதமும் நடக்கிறது. ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சக்சினேட் என்ற பொருள் குவிந்துபோகிறது என்று 2014-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக்சிஜன் வந்ததும் அது மொத்தமாக எரிகிறது. எலக்ட்ரான்கள் சங்கிலியில் பின்பக்கமாகப் பாய்ந்து, ஆக்சிஜனை அரைகுறையாகத் தொட்டு, செல்லை அரிக்கும் வடிவங்களாக்கிவிடுகின்றன. இந்தச் சேதத்தைத் தடுக்க மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். எலியில் வேலை செய்தவை மனிதரில் கைவிட்டன. சைக்ளோஸ்போரின் வைத்து நடத்திய பெரிய சோதனை 2015-ல் ஏமாற்றத்தில் முடிந்தது.

தங்கவயலின் இன்னொரு பொருளும் இதயத்தோடு சம்பந்தப்பட்டதுதான். சுரங்கத்தில் பாறையைப் பிளந்த வெடிமருந்தின் சாரம் நைட்ரோகிளிசரின். ஆல்ஃபிரெட் நோபல் 1867-ல் அதை டைனமைட்டாக்கினார். வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தவர்களுக்குத் தலையைப் பிளக்கும் வலி வரும். ரத்தக்குழாய்கள் சட்டென விரிவதால் வந்த வலி. அதே குணத்தைப் பார்த்து லண்டன் மருத்துவர் வில்லியம் முரெல் 1879-ல் நெஞ்சுவலிக்காரர்களுக்கு அதைத் துளித்துளியாகக் கொடுத்தார். நோபலுக்கே கடைசிக் காலத்தில் அவருடைய மருத்துவர்கள் அதைத்தான் எழுதிக்கொடுத்தார்கள். இன்று நம் வீடுகளில் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் அதன் பங்காளிதான். நைட்ரோகிளிசரின் நம் உடம்பில் தானாக வேலை செய்வதில்லை. 2002-ல்தான் தெரிந்தது: மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் ஒரு நொதி அதை உடைத்து, குழாயை விரிக்கும் வாயுவை அதிலிருந்து வெளிக்கொண்டுவருகிறது. சாராயத்தின் விஷத்தை முறிப்பதும் அதே நொதி. சீனா, ஜப்பான் பக்கத்தில் பலருக்கு அந்த நொதி பிறவியிலேயே மந்தம். ஒரு மிடறு குடித்தாலே முகம் சிவந்துவிடும், நைட்ரோகிளிசரினும் சரியாகக் கேட்காது.

சரி, தொப்பை. அதற்கு முதலில் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கே இன்னொரு முறை போக வேண்டும். முதல் உலகப்போரின்போது பிரான்ஸில் டைநைட்ரோஃபீனால் என்ற பொருளைக் கலந்து வெடிகுண்டு செய்தார்கள். அங்கே வேலை செய்தவர்கள் இளைத்தார்கள், ஓயாமல் வியர்த்தார்கள், சிலர் காய்ச்சலேறி இறந்தார்கள். அந்தப் பொருள் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வை ஓட்டை விழுந்ததுபோல் ஆக்கிவிடுகிறது. தேங்கிய புரோட்டான்கள் டர்பைனைத் தொடாமல் உள்ளே வழிந்துவிடுகின்றன. எரிபொருள் எரிகிறது, ஏ.டி.பி. பிறக்கவில்லை, எல்லாம் வெப்பமாகப் போகிறது. 1933-ல் அமெரிக்காவில் இதையே உடல் மெலிய மாத்திரையாக விற்றார்கள். லட்சம் பேர் வரை சாப்பிட்டார்கள். நிஜமாகவே மெலிந்தார்கள். கண்புரை வந்தது, உள்ளே வெந்து செத்தவர்களும் உண்டு. 1938-ல் அதை மனிதர் உண்ணத் தகாதது என்று ஒதுக்கினார்கள். இன்றும் கள்ளத்தனமாக இணையத்தில் விற்கிறது, இன்றும் ஆளைக் கொல்கிறது. முறிவு மருந்து கிடையாது.

உடம்பின் வெப்பம் எவ்வளவு கறாரான விஷயம் என்பது சுரங்கத்தில் இறங்கியவர்களுக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் நூறு வாட் பல்பு அளவுக்கு வெப்பம் விடுகிறார். கல் அள்ளும் ஆள் அதைப்போல நான்கைந்து மடங்கு. தசைக்குப் போகும் சக்தியில் கால்வாசிதான் வேலையாகிறது, மிச்சம் சூடுதான். அந்தச் சூட்டை வியர்வை இறக்கிவைக்கும்; காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியும், ஆவியாகாது. கோலார் சுரங்கங்களின் மருத்துவர் கேப்லான், லிண்ட்சே என்பவரோடு சேர்ந்து, ஆழ்சுரங்க வெப்பம் தொழிலாளியின் வேலைத்திறனை எப்படி இறக்குகிறது என்று சோதித்து 1946-ல் எழுதினார். தொழில்வெப்பம் பற்றிய ஆய்வுகளில் அந்தக் கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். வேலை செய்தவர்களின் உடம்பைப் பற்றி அத்தனை துல்லியமாக அளந்த கம்பெனி, அவர்களின் நுரையீரலில் படிந்த சிலிக்காவுக்கு என்ன செய்தது என்பது தனிக்கதை. இனிய கதை இல்லை.

இப்போது மையமான விஷயத்துக்கு வரலாம். ஓட்டை விழாத, நல்ல நிலையில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா தேவைக்குத்தான் ஓடும். ஏ.டி.பி. செலவானால்தான் டர்பைனுக்கு மூலப்பொருள் திரும்பி வரும். செலவு இல்லையென்றால் டர்பைன் நிற்கும், புரோட்டான் தேங்கும், தேங்கியதை எதிர்த்து மேலும் இறைக்க முடியாமல் எலக்ட்ரான் சங்கிலியும் நெரிசலாகும். பிரிட்டன் சான்ஸ், வில்லியம்ஸ் இருவரும் 1955-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே அதிகம் சாப்பிட்டால் அதிகம் எரியும் என்று எதிர்பார்க்க முடியாது. அணையில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்பதற்காக மின்நிலையம் ஓடாது. கம்பியின் அந்தப் பக்கம் யாராவது மின்சாரத்தை இழுக்க வேண்டும்.

இழுக்க ஆளில்லாதபோது இரண்டு காரியம் நடக்கிறது. நெரிசலில் நிற்கும் எலக்ட்ரான்கள் ஆங்காங்கே கசிந்து, மேலே சொன்ன அரிக்கும் ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகின்றன. எரியாமல் மிஞ்சிய எரிபொருள் கொழுப்பாகத் திருப்பிவிடப்படுகிறது. அந்தக் கொழுப்பைத் தோலுக்கு அடியில் வைத்துக்கொள்ள இடம் இருக்கும்வரை பெரிய கெடுதல் இல்லை. இடம் தீர்ந்ததும் வயிற்றுக்குள், கல்லீரலில், தசைக்குள் போய் உட்காருகிறது. தசைக்குள் தேங்கும் கொழுப்பின் சில இடைப்பொருள்கள் இன்சுலினின் பேச்சைத் தசைக்குக் கேட்கவிடாமல் செய்கின்றன. கல்லீரல் டிரைகிளிசரைடை ரத்தத்தில் ஏற்றி அனுப்புகிறது, நல்ல கொலஸ்டிரால் இறங்குகிறது, கெட்ட கொலஸ்டிராலின் துகள்கள் சிறுத்துக் குழாய்ச் சுவரில் நுழைய வசதியாகின்றன. தொப்பையிலிருந்து இதயத்துக்குப் போகும் வழி இதுதான். மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றிப் பேசும் சிலர் கொலஸ்டிராலே பொய் என்று முழங்குகிறார்கள். அப்படியில்லை. கெட்ட கொலஸ்டிரால் குழாயை அடைக்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. எரிபொருள் நெரிசல் அதை மோசமாக்குகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம். புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனின் ஜான் யட்கின் என்ற தன் நண்பரோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் 2004-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. தோலடிக் கிடங்கு நமக்குச் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. மற்ற நாட்டவருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 59 வயதை ஒட்டி வருகிறது என்றால் தெற்காசியர்களுக்கு 53-லேயே வந்துவிடுகிறது. சென்னை மருத்துவர் ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் முதலானோர் ஐ.சி.எம்.ஆர். சார்பில் நாடு முழுக்க எடுத்து 2023-ல் வெளியிட்ட கணக்கில், நூற்றில் நாற்பது பேருக்கு வயிற்றுப் பருமன்.

அப்படியென்றால் நம் மைட்டோகாண்ட்ரியாவே மட்டமோ? பல காலம் அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். சர்க்கரை நோயாளிகளின் பிள்ளைகளுக்குத் தசை மைட்டோகாண்ட்ரியா மந்தமாக இருப்பதை யேல் பல்கலைக்கழகத்தில் 2004-ல் கண்டார்கள். மந்தமான மின்நிலையம்தான் நோய்க்கு வேர் என்ற எண்ணம் வலுத்தது. மேயோ கிளினிக்கின் கே. ஸ்ரீகுமாரன் நாயர் அதை இந்தியர்களிடம் சோதித்தார். அமெரிக்காவில் வாழும் இந்தியர்களையும் வட ஐரோப்பிய வம்சாவளியினரையும் ஒப்பிட்டு, தொடைத்தசையில் ஊசிமுனை அளவு எடுத்துப் பார்த்தார். 2008-ல் வந்த முடிவு தலைகீழ். இன்சுலின் பேச்சைக் கேட்காத இந்தியத் தசையின் மைட்டோகாண்ட்ரியா மந்தமாக இல்லை, ஐரோப்பியருடையதைவிட அதிகத் திறனோடு ஏ.டி.பி. செய்தது. சர்க்கரை நோய் வந்த இந்தியருக்கும் அப்படியே. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் எனக்கு இந்தத் துறையில் இதைவிடப் பிடித்த முடிவு வேறில்லை. மின்நிலையத்தில் கோளாறில்லை என்கிறது அது. கோளாறு லோடில்.

‘மைட்டோகாண்ட்ரியாவை ஊக்குவிக்கும்’ என்று மருந்துக்கடைகளில் அடுக்கியிருக்கும் டப்பாக்களைப் பற்றி என் கருத்தும் இதிலிருந்து வருவதுதான். கோஎன்சைம் கியூ-10 இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் கொஞ்சம் பலன் தந்ததாக 2014-ல் ஒரு சோதனை சொன்னது. அது அந்த நோயாளிக்கும் அவருடைய மருத்துவருக்கும் உள்ள விஷயம். தொப்பை குறைய வேண்டி வாங்குபவர் பணத்தைக் கடையில் விட்டுவிட்டு வருகிறார், அவ்வளவுதான். ‘முப்பது தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும்’ என்பதும் அப்படித்தான். 29 நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்து 2021-ல் வந்த ஆய்வின்படி, உடம்பின் அளவுக்கேற்ற எரிப்பு 20 வயதிலிருந்து 60 வரை ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது.

லோடை ஏற்ற வழி தெரிந்ததுதான். 1967-ல் ஜான் ஹாலோஸி எலிகளை ஓடும் பட்டையில் வாரக்கணக்கில் ஓடவிட்டுத் தசையைச் சோதித்தார். சைட்டோகுரோம் ஆக்சிடேஸ், சயனைடு போய்ப் பிடிக்கும் அதே நொதி, இரண்டு மடங்காகியிருந்தது. இழுக்க இழுக்க உடம்பு மின்நிலையத்தையே பெரிதாக்குகிறது. அதற்கு வாரங்கள் ஆகும். ஆனால் முதல் நாளிலேயே கிடைக்கும் பலனும் உண்டு: சுருங்கி விரிகிற தசை, இன்சுலின் கதவைத் தட்டாமலே ரத்தத்துச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் பதினைந்து நிமிஷம் நடப்பது சர்க்கரை ஏற்றத்தை மட்டுப்படுத்துவதற்கு இதுவே காரணம்.

தங்கவயலில் லோடு எப்போது இறங்கியது என்பதற்குத் தேதியே இருக்கிறது. 2001 பிப்ரவரி 28-ல், சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. சுரங்க வேலையை மகிமைப்படுத்த எனக்கு மனமில்லை. பாறை வெடித்துச் செத்தவர்களும் மூச்சிரைத்துச் செத்தவர்களும் அந்த மண்ணில் நிறையப் பேர். ஆனாலும் உடம்பின் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. தாத்தா எட்டு மணி நேரம் கல் அள்ளினார். பேரன் விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, ஒரு பக்கம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தோ நின்றோ பெங்களூரு போய், செக்யூரிட்டி நாற்காலியிலோ கணினி முன்னாலோ பகலைக் கழித்துவிட்டு, அதே மாதிரி திரும்புகிறார். இரவு ஒன்பது மணிக்கு மேல் சாப்பாடு, உடனே படுக்கை. சோம்பேறி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. ஓய்வே இல்லாத நாள் அது. தசைக்குத்தான் வேலையில்லை. இந்த வாழ்க்கை தங்கவயலுக்கு மட்டும் உரியதுமில்லை. அரக்கோணத்திலிருந்து சென்னைக்கும் செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்கும் ரயிலேறுகிறவர்களின் நாளும் இதுதான். ‘தினமும் ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போ’ என்று இவர்களிடம் சொல்வது கேலி. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பது, படியேறுவது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலிக்குப் போகாமல் கட்டடத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவது, இரவுச் சாப்பாட்டைச் சுருக்குவது எல்லாம் நடக்கக்கூடிய காரியம்.

வீட்டில் தையல் டேப் இருந்தால் எடுத்து, தொப்புள் மட்டத்தில், வயிற்றை எக்காமல் சுற்றளவைப் பாருங்கள். நம்மவர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டர், பெண்களில் 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. அதைத் தாண்டியிருந்தால், எடை எதுவாக இருந்தாலும் சரி, ரத்த அழுத்தம், சர்க்கரை, டிரைகிளிசரைடு, கொலஸ்டிரால் நான்கையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். நெஞ்சில் பாரமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் ‘வாயுவாக இருக்கும்’ என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.